கழுத்துக் கட்டி: முதலில் ஊசி, கடைசியில்தான் கத்தி

கேள்வியின் சாரம் இது: ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குக் கழுத்தின் வலப்பக்கம், தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே, வலியே இல்லாத ஒரு கட்டி. வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆன்டிபயாடிக் இரண்டு சுற்று முடிந்தும் கரையவில்லை. ஒரு மருத்துவர், “சின்ன ஆபரேஷன்தான், எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிவிடலாம்” என்கிறார். இன்னொருவர், தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்து, கட்டியில் ஊசி போட்டுச் சோதித்து, ஸ்கேனும் எடுத்த பிறகுதான் எதையும் முடிவு செய்யலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டாமவர் சொல்வதுதான் சரி. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். கழுத்துக் கட்டியில் பரிசோதனைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதே பிறகு வரும் சிகிச்சையின் போக்கை மாற்றிவிடும்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்குக் கழுத்தின் பக்கவாட்டில், காய்ச்சலோ சளியோ பல்வலியோ இல்லாமல் தோன்றி இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் கட்டியை, இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை புற்றுநோயாகவே கருதிப் பரிசோதிக்க வேண்டும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வயதில் இப்படி வரும் கட்டிகளில் பல, வேறொரு இடத்தில் தொடங்கிய புற்று நிணநீர்க் கணுவுக்கு வந்து தங்கியவை. மூலம் நாக்கிலோ, டான்சிலிலோ, நாக்கின் அடிப்பகுதியிலோ, குரல்வளையை ஒட்டிய குழியிலோ, மூக்கின் பின்புறத்திலோ ஒளிந்திருக்கும். அங்கே இருக்கும் புண் சிறியதாக, வலியில்லாமல் இருப்பதால் கழுத்துக் கட்டிதான் முதல் அறிகுறியாக வெளியே தெரியும். அந்தக் கணுவைத் திறந்து ஒரு துண்டு எடுத்தால் புற்றணுக்கள் சுற்றியுள்ள திசுவில் சிந்தலாம். திசு அடுக்குகள் தழும்பால் ஒட்டிக்கொள்ளும். பிறகு முறையான அறுவை செய்பவர் அந்தப் பழைய தழும்பையும் தோலோடு சேர்த்து எடுக்க வேண்டிவரும். இவ்வளவும் நடந்த பிறகும் மூலம் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஆன்டிபயாடிக் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு, சூடு, வலி, காய்ச்சல் என்று தொற்றுக்கான அடையாளம் இருந்தால் ஒரு முறை கொடுத்துப் பார்ப்பது நியாயம். அதற்குப் பிறகு கட்டி முழுமையாகக் கரைந்ததா என்று இரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். தொற்றின் அடையாளமே இல்லாத கட்டிக்கு இரண்டாவது, மூன்றாவது சுற்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதால் கெடுவது காலம்தான். கழுத்துப் புற்றுகள் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைவிட மோசமானது, காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுப்பது. நிணநீர் மண்டலத்திலேயே தொடங்கும் புற்றான லிம்ஃபோமாவாக இருந்தால் ஸ்டீராய்டில் கட்டி சில நாட்களில் சுருங்கிவிடும், திசு கிடைத்தாலும் நோயின் வகையைப் படிக்க முடியாமல் போகும். பயாப்ஸி முடியும் வரை ஸ்டீராய்டைத் தொடக் கூடாது.

இனி பரிசோதனைக்கு வருவோம். நோயாளி நாற்காலியில் உட்கார, மருத்துவர் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். கட்டி எந்த இடத்தில் என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். நடுக்கழுத்தில் இருந்து, எச்சில் விழுங்கும்போது மேலே ஏறினால் பெரும்பாலும் தைராய்டு. விழுங்கும்போது மட்டுமல்லாமல் நாக்கை வெளியே நீட்டும்போதும் ஏறினால், கருவில் தைராய்டு இறங்கிவந்த பாதையின் மிச்சத்தில் உருவாகும் தைரோகுளோசல் நீர்க்கட்டி. காதுக்கு முன்னும் கீழும் இருந்தால் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பி. தாடை எலும்புக்கு அடியில் இருந்து, சாப்பிடும் நேரத்தில் வீங்கிப் பிறகு வற்றினால் உமிழ்நீர்க் குழாயில் கல். கழுத்தின் முன்பக்கத் தசையின் மேல் பகுதியில், பக்கவாட்டில் அசைந்தும் மேலும் கீழும் அசையாமலும், துடிப்போடும் இருந்தால் கரோடிட் தமனிக் கவட்டில் வளரும் கட்டியாக இருக்கலாம். அதை வெட்டி பயாப்ஸி எடுக்கவே கூடாது, ரத்தக்குழாய் ஸ்கேன்தான் அதற்கு. இடது காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் கெட்டியான கணு தட்டுப்பட்டால் கழுத்தோடு நிற்காமல் வயிறு, நுரையீரல் வரை தேட வேண்டும். அந்த இடத்துக் கணு எந்த வயதிலும் சாதாரணமானது அல்ல, குழந்தைகளுக்கும்கூட.

தொடும்போது இருக்கும் தன்மையும் முக்கியம். 1.5 செ.மீ.க்கு மேல் பெரியது, கெட்டியானது, அடித்திசுவோடு ஒட்டி அசையாதது, மேல்தோல் புண்ணானது: இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகம் கூடுகிறது. கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்து, நடுவில் மெத்தென்று இளகினால் காசநோய் நினைவுக்கு வர வேண்டும். ரப்பர் போல இழுபடும் பல கணுக்கள், கூடவே இரவில் உடை நனையும் வியர்வை, எடைக் குறைவு என்றால் லிம்ஃபோமா. கூடவே குரல் மாற்றம், விழுங்கும்போது வலி, காரணமில்லாத ஒருபக்கக் காதுவலி, ஒருபக்கம் மட்டும் மூக்கடைப்பு ஆகியவற்றையும் கேட்டே ஆக வேண்டும். காது நன்றாக இருந்தும் காது வலித்தால் தொண்டையில் புண் இருக்கிறதா என்று தேடுவது விதி. தொண்டையும் காதும் ஒரே நரம்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன.

பலர் தவறவிடுவது வாயைத்தான். பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும். நாக்கின் ஓரம், அடிநாக்கு, கன்னத்தின் உட்புறம், டான்சில் எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பதோடு, கையுறை போட்ட விரலால் நாக்கின் அடிப்பகுதியையும் டான்சிலையும் அழுத்திப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத புற்று விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும். அதன் பிறகு மூக்கு வழியாக மெல்லிய வளையும் கேமரா விட்டு மூக்கின் பின்புறம், குரல்வளை, அதன் பக்கக் குழிகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்துச் செய்தால் சில நிமிட வேலை, மயக்கம் தேவையில்லை. தலையின் தோலையும் காதின் பின்புறத்தையும் பார்க்காமல் விடக் கூடாது.

அடுத்தது அல்ட்ராசவுண்டும் ஊசிச் சோதனையும். எஃப்என்ஏசி என்று எழுதித் தருவார்களே, அதுதான். 23 முதல் 25 கேஜ் வரையிலான மெல்லிய ஊசியை, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, கட்டியின் இரண்டு மூன்று இடங்களில் செலுத்தி அணுக்களை எடுப்பார்கள். ரத்தம் எடுப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக வலிக்கும். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. இவ்வளவு மெல்லிய ஊசியால் அப்படி நேர்வது மிக மிக அரிது. கத்தியால் திறப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களும் பெரும்பாலும் அதை நிறுத்தாமலே செய்துகொள்ளலாம், ஆனால் எந்த ரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி தோற்கும் இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது நீர்க்கட்டி. பக்கக் கழுத்தில் நீர் நிறைந்த கட்டி வந்தால், இளவயதில் அது பெரும்பாலும் பிறவியிலேயே உள்ள பிராங்கியல் நீர்க்கட்டி. நாற்பதைத் தாண்டியவருக்கு அப்படி முடிவுகட்டுவது ஆபத்து. டான்சில் அல்லது அடிநாக்கில் மனித பாப்பிலோமா வைரஸால் வரும் புற்று, கணுவுக்குப் பரவும்போது உள்ளே நீராகவே மாறிவிடும். ஊசியில் வெறும் நீர் மட்டும் வந்து “புற்றணு இல்லை” என்று அறிக்கை வரும். நீரை உறிஞ்சிய பிறகு, மிஞ்சும் திடமான சுவரில் மறுபடி ஊசி போட்டுத்தான் அனுப்ப வேண்டும். தைராய்டு புற்று பரவிய கணுவும் இப்படி நீராகலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் ஊசியைக் கழுவிய நீரில், தைராய்டு அணுக்கள் மட்டுமே சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை அளந்து பார்ப்பது கைகொடுக்கும். இரண்டாவது லிம்ஃபோமா. ஊசியில் வரும் தனி அணுக்களை வைத்துச் சந்தேகப்படலாமே தவிர, வகையைச் சொல்வது கடினம். அதற்குத் தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்ஸியோ முழுக் கணுவோ வேண்டும். மூன்றாவது காசநோய். அணுக்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதே மாதிரியிலிருந்து கிருமியின் மரபணுச் சோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்பினால்தான் நோயும் மருந்து எதிர்ப்பும் சேர்ந்து தெரியவரும். ஊசி முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தும் கட்டி போகவில்லை என்றால், ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்புவது தவறு. மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்தது ஸ்கேன். காண்ட்ராஸ்ட் (சிரை வழியாகச் செலுத்தும் நிறமி) கொடுத்து எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ, மண்டையின் அடியிலிருந்து மார்பின் மேல்பகுதி வரை எடுக்கப்பட வேண்டும். ஊசியில் புற்று உறுதியாகி மூலம் தென்படவில்லை என்றால், சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரச் செய்து காட்டும் பெட் சிடி ஸ்கேன். இங்கேயும் வரிசை முக்கியம்: தொண்டையில் பயாப்ஸி எடுத்த பிறகு பெட் எடுத்தால், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணும் ஒளிர்ந்து குழப்பும். முதலில் பெட், பிறகு மயக்கத்தில் எண்டோஸ்கோபி, பயாப்ஸி, தேவைப்பட்டால் டான்சிலை எடுத்துச் சோதிப்பது.

எல்லாக் கட்டிக்கும் அறுவை தேவையில்லை. குழந்தைகளுக்குச் சளி பிடித்த பிறகு நெறி கட்டுவது மிகச் சாதாரணம், சிறியதாக அசைந்துகொண்டு வாரக் கணக்கில் இருந்து தானே அடங்கும். காசநோய்க் கணுவுக்கு மருத்துவம் மாத்திரைதான், வழக்கமாக ஆறு மாதம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கணு பெரிதாகலாம், புதிது தோன்றலாம். அது பெரும்பாலும் உடலின் எதிர்வினை. மருந்து வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். சீழ் கோத்தால் நல்ல தோல் வழியாகப் பக்கவாட்டிலிருந்து ஊசியால் உறிஞ்சலாம். கட்டியின் உச்சியில் கீறிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாத புரையாகிவிடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: சிறு குழந்தைகளுக்கு, காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமிகளால் தாடைக்கடியில் ஊதா நிறத் தோலோடு வரும் கணு. அதை முழுமையாக அறுத்து எடுப்பதுதான் பல நேரம் நல்ல தீர்வு.

அறுவை தேவைப்படும்போது என்ன நடக்கும்? சந்தேகம் தீராத ஒரு கணுவை முழுதாக எடுப்பதை “சின்ன ஆபரேஷன்” என்பார்கள். அந்தச் சொல்தான் கவலை தருகிறது. கழுத்தின் பின்முக்கோணத்தில், அதாவது பக்கக் கழுத்துத் தசைக்குப் பின்னுள்ள பகுதியில், தோலுக்கு மிக அருகிலேயே ஓடுகிறது தோள் தசையை இயக்கும் துணை நரம்பு. அங்கிருக்கும் ஒரு கணுவை அவசரமாக எடுக்கப் போய் அந்த நரம்பு அறுபட்டால், தோள் தொங்கிவிடும், கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது, தீராத வலியும் சேர்ந்துகொள்ளும். இந்த நரம்புக் காயங்களில் பெரும்பங்கு பெரிய அறுவைகளில் அல்ல, இப்படிப்பட்ட கணு பயாப்ஸிகளில்தான் நேர்கிறது. ஆகவே, ஆழமான அல்லது பின்முக்கோணக் கணு என்றால் முழு மயக்கம், நல்ல வெளிச்சம், தசையைத் தளர்த்தும் மருந்தில்லாமல், நரம்பை முதலில் கண்டுபிடித்து ஒதுக்கிவைத்த பிறகே கணுவைத் தொடுவது என்ற முறை வேண்டும். அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும்போது இந்த நரம்பைப் பற்றிச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

எந்தக் கணுவை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எளிதில் கிடைப்பதை விட்டு, பெரியதாகவும் ஸ்கேனில் மாறுபட்டும் தெரிவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் பெரிய அறுவை தேவைப்பட்டால் அதே கீறலுக்குள் அடங்கும்படி, தோல் மடிப்பை ஒட்டிக் கீற வேண்டும். உறை கிழியாமல், இடுக்கியால் நசுக்காமல், மின்சூட்டால் கருக்காமல் முழுதாக எடுக்க வேண்டும். எடுத்த கணுவை முழுவதும், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், கல்ச்சர் வளராது. அணுக்களின் மேற்பரப்பை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் அது உதவாது. ஒரு பகுதி ஃபார்மலினில், ஒரு பகுதி சலைனில் நனைத்த துணியில் உடனே லேபுக்கு, ஒரு பகுதி கிருமி நீக்கிய சலைன் பாட்டிலில் காசநோய்ச் சோதனைக்கு என்று பிரித்து அனுப்ப வேண்டும். அறுவைக்கு முந்தைய நாளே லேபுக்குச் சொல்லிவைத்தால் எதுவும் வீணாகாது.

புற்று கணுவுக்குப் பரவியிருந்தால் ஒற்றைக் கணுவை எடுப்பதால் பயனில்லை, கணுக்களும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் ஒரே தொகுப்பாக வர வேண்டும். அதுதான் நெக் டிசெக்‌ஷன். 1906இல் ஜார்ஜ் கிரைல் விவரித்த பழைய முறையில் கழுத்துத் தசை, உள் கழுத்துச் சிரை, துணை நரம்பு மூன்றும் சேர்த்தே எடுக்கப்பட்டன. இன்று, புற்று நேரடியாக அவற்றில் ஊடுருவியிருந்தாலொழிய மூன்றையும் காப்பாற்றுகிறார்கள். கணுக்களைக் கழுத்தில் ஒன்று முதல் ஆறு வரை மட்டங்களாகப் பிரித்து, மூலப் புற்று எங்கே என்பதைப் பொறுத்து எடுப்பார்கள். வாய்ப்புற்று என்றால் பொதுவாக தாடைக்கடியிலுள்ள முதல் மட்டத்திலிருந்து மூன்றாவது வரை, குரல்வளை என்றால் இரண்டிலிருந்து நான்கு வரை, நோய் அதிகம் பரவியிருந்தால் இன்னும் கூடுதலாக. எடுத்த தொகுப்பில் குறைந்தது 18 கணுக்களாவது இருந்தால் அறுவை போதுமான அளவு நடந்தது என்று பல மையங்கள் கொள்கின்றன. அறிக்கையில் எண்ணிக்கையோடு, புற்று கணுவின் உறையைத் தாண்டியதா என்ற வரியையும் பாருங்கள். தாண்டியிருந்தால் கதிர்வீச்சோடு கீமோவும் சேரும்.

இடப்பக்கம் கீழ்க்கழுத்தில் நிணநீர்ப் பெருங்குழாய் காயப்பட்டால், சாப்பிடத் தொடங்கியதும், காயத்தில் தேங்கும் நீரை வெளியேற்ற வைத்த ட்ரெயின் குழாயில் பால் போல நீர் வரும். கொழுப்பில்லாத உணவு, அழுத்தக் கட்டு என்று முதலில் பார்ப்பார்கள், நாளுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று கொட்டினால் மறுபடி திறந்து கட்ட வேண்டியிருக்கும்.

பரோடிட் கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை, அவற்றில் அதிகம் வருவது ப்ளியோமார்ஃபிக் அடினோமா. தீங்கற்றதுதானே என்று உருண்டையை மட்டும் பிதுக்கி எடுத்தால் உறைக்கு வெளியே நீண்டிருக்கும் நுண்ணிய கிளைகள் தங்கிவிடும். ஆண்டுகள் கழித்து ஒரு கட்டிக்குப் பதில் பல சிறு கட்டிகளாகத் திரும்பும். இரண்டாவது அறுவையில் முகநரம்பைக் காப்பாற்றுவது பல மடங்கு கடினம். அதனால் முதல் முறையே கட்டியைச் சுற்றி நல்ல திசுவும் சேர்ந்து வரும்படி, முகநரம்பைக் கண்காணித்தபடி எடுக்க வேண்டும். பிறகு காதுமடலின் கீழ்ப்பகுதி மரத்துப்போவது சகஜம். சாப்பிடும்போது கன்னத்தில் வியர்ப்பதும் சிலருக்கு மாதங்கள் கழித்து வரும். தாடைக்கடிச் சுரப்பியை எடுக்கும்போது, கீழுதட்டை இயக்கும் நரம்பைத் தவிர்க்கக் கீறல் தாடை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே போட வேண்டும்.

தைரோகுளோசல் நீர்க்கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். குரல்வளைக்கு மேலுள்ள ஹையாய்டு எலும்பின் நடுத்துண்டையும் நாக்கின் அடி வரை போகும் பாதையையும் சேர்த்து எடுக்கும் சிஸ்ட்ரங்க் அறுவையே சரியானது. அதற்கு முன் அல்ட்ராசவுண்டில் தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். சிலருக்கு அந்தக் கட்டியிலேயேதான் உடலின் ஒரே தைராய்டு திசு இருக்கும்.

தைராய்டு கட்டிகளில் பெரும்பான்மை புற்றல்ல. முதலில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட். ஊசி வேண்டுமா என்பது தோற்றத்தையும் அளவையும் பொறுத்தது: அதிகச் சந்தேகமான தோற்றம் என்றால் 1 செ.மீ.யிலிருந்து, நடுத்தரம் என்றால் 1.5 செ.மீ., குறைவான சந்தேகம் என்றால் 2.5 செ.மீ. என்பது பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு. ஊசியின் முடிவை பெதஸ்டா என்ற வகைப்பாட்டு முறையில் ஒன்று முதல் ஆறு வரை எழுதுவார்கள். இரண்டு என்றால் தீங்கற்றது, ஆறு என்றால் புற்று. நான்கு என்று வந்தால் குழப்பமடைய வேண்டாம். நான்கு என்பது ஃபாலிகுலர் கட்டி என்ற வகையைக் குறிக்கும்; அதில் புற்றா இல்லையா என்பது உறையை அது துளைத்ததா என்பதைப் பொறுத்தது, அதைத் தனி அணுக்களில் பார்க்க முடியாது. அதனால்தான் பல நேரம் அந்தப் பக்கத்துப் பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அறுவைக்கு முன் குரல்நாண் இரண்டும் அசைகிறதா என்று கேமராவில் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும்.

தைராய்டு அறுவைக்குப் பிந்தைய முதல் 24 மணி நேரம், அதிலும் முதல் ஆறு மணி நேரம், உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய காலம். உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால் குரல்வளை வீங்கி மூச்சு அடைபடும். கழுத்து இறுகுவது, வீங்குவது, மூச்சில் சத்தம், படுக்க முடியாமல் தவிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக நேரமில்லை என்றால் படுக்கையிலேயே தோல் தையலையும் அடியிலுள்ள தசைத் தையலையும் திறந்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். இதற்கான கருவித் தட்டு படுக்கையருகே இருக்க வேண்டும். முழுத் தைராய்டையும் எடுத்தவருக்கு இரண்டு, மூன்று நாட்களில் கால்சியம் இறங்கலாம். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு வந்தால் உடனே சொல்ல வேண்டும். மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகும். கை இழுத்துக்கொண்டால் சிரை வழியாகக் கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக, இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி ஏற்றுவார்கள்.

காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. வாய் திறக்க முடியாமல், எச்சில் வடிந்து, நாக்கின் அடி மேலெழும்பி, காய்ச்சலோடு கழுத்து வீங்கினால் அது ஆழ்ந்த கழுத்துத் தொற்று. ஊசிச் சோதனைக்கு நேரம் குறித்துக் காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கழுத்துத் தையலை வழக்கமாக ஐந்திலிருந்து ஏழு நாளில் எடுப்பார்கள். ட்ரெயின் குழாயை ஒரு நாளில் 25, 30 மில்லிக்குக் கீழே வரும்போது எடுப்பார்கள். நெக் டிசெக்‌ஷன் ஆனவர்கள், நரம்பு காப்பாற்றப்பட்டிருந்தாலும் தோள் சில மாதம் பலவீனமாகவே இருக்கும் என்பதை மனதில் வைத்து, காயம் ஆறியதுமே ஃபிசியோதெரபி தொடங்க வேண்டும். தோள் மூட்டு ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு இளக்குவது கடினம்.